ஹெலனின் டீச்சர்

ஹெலன் கெல்லரின் பெயரைக் கேளாத மாணவி நம்மில் ஒருத்தியும் இருக்க மாட்டாள். பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். பேச்சுப் போட்டியில் அவரைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவர்களும் நம்மிடையே உண்டு. கண்ணும் காதும் இழந்த அந்தச் சிறுமி, தண்ணீர்க் குழாயடியில் நின்று, தன் கையில் விழுவதற்கு ஒரு பெயர் உண்டு என்று அறிந்துகொண்ட கதை நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அன்று அவள் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துச் சென்ற பெண்ணின் பெயர் என்ன, அவள் எங்கே பிறந்து எப்படி வளர்ந்தாள் என்று கேட்டால், வகுப்பில் உயரும் கைகள் குறைந்துவிடும். அவர் பெயர் ஆனி சல்லிவன். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவரைத் திரையில் கண்டவர்கள் பலர் இருக்கலாம். 1962ஆம் ஆண்டு ஆர்தர் பென் இயக்கத்தில் 'தி மிரக்கிள் வொர்க்கர்' என்ற ஆங்கிலப் படம் வெளிவந்தது. கறுப்பு வெள்ளைப் படம். ஆசிரியையாக ஆன் பான்கிராஃப்டும் சிறுமி ஹெலனாகப் பாட்டி டியூக்கும் நடித்து, இருவருமே ஆஸ்கார் பரிசு பெற்றார்கள். அதே கதையைத் தழுவி, 2005இல் சஞ்சய் லீலா பன்சாலி 'பிளாக்' என்ற இந்திப் படத்தை எடுத்தார். அதில் ஆசிரியை ஆசிரியராக மாறி, அமிதாப் பச்சன் உருவில் வந்தார். இரண்டும் கண்ணீர் வரவழைக்கும் படங்களே. ஆயினும் ஆங்கிலப் படம் காட்டுவது ஆனியின் வாழ்வில் ஏறக்குறைய ஒரு மாதக் காலத்தை மட்டும்தான். அதற்கு முன்னால் இருபது ஆண்டுகள் இருந்தன. பின்னால் நாற்பத்தொன்பது ஆண்டுகள் இருந்தன.

ஆனி 1866 ஏப்ரல் 14ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபீடிங் ஹில்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தாள். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் கத்தோலிக்கர். தந்தைக்குக் குடிப்பழக்கம், தாய்க்குக் காச நோய். ஆனிக்கு ஐந்து வயதில் டிராக்கோமா என்ற கண்நோய் பற்றியது. இமையின் உட்புறம் பொடிப்பொடியாகத் தடித்து, மணல் விழுந்தாற்போல் உறுத்தி, நாளடைவில் கருவிழியையே கீறிப் பார்வையை மங்கச் செய்யும் நோய் அது. அழுக்குக் கையாலும் ஈயாலும் ஒட்டிக்கொள்ளும் அந்நோய், முற்காலத்தில் நம் நாட்டிலும் எத்தனையோ குழந்தைகளின் பார்வையைப் பறித்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இந்தியாவில் அது ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே 2024இல்தான். 1976இல் நம் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் போல் ஒன்று ஆனியின் ஊரில் அன்று இருந்திருந்தால், என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆனிக்கு எட்டு வயதாகும்போது தாய் இறந்தார். தந்தை பிள்ளைகளைக் கைவிட்டார். உறவினர்கள் தங்கை மேரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பார்வை மங்கிய ஆனியையும், இடுப்பில் காசநோய் கண்டு ஊன்றுகோல் பிடித்து நடந்த தம்பி ஜிம்மியையும் யாரும் வேண்டவில்லை. 1876 பிப்ரவரியில் இருவரும் டியூக்ஸ்பரி என்னும் ஊரிலிருந்த அரசு அநாதை விடுதிக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதி என்று சொல்கிறோமே தவிர, அங்கே நோயாளிகளும் சித்தம் கலங்கியவர்களும் சாகக் கிடக்கும் முதியோரும் ஒன்றாக அடைக்கப்பட்டிருந்தார்கள். ஆண் பிள்ளை என்பதால் ஜிம்மியை ஆண்கள் பகுதிக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். ஆனி அழுது கூச்சலிட்டதால் அவனையும் பெண்கள் பகுதியிலேயே விட்டார்கள். அக்காவும் தம்பியும் படுத்துறங்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான் பிணங்களை வைக்கும் அறை.

மூன்று மாதத்தில் ஜிம்மி இறந்தான். நள்ளிரவில் விழித்த ஆனி, பக்கத்தில் கைநீட்டித் துழாவினாள். தம்பியின் கட்டில் இருந்த இடம் வெறுமையாய் இருந்தது. அந்த மங்கிய கண்ணோடு தட்டுத்தடுமாறிப் பிண அறைக்குச் சென்று, கையால் தொட்டே அவன் என்று தெரிந்துகொண்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. ஆங்கிலப் படத்தில் ஆனிக்கு அடிக்கடி ஒரு சிறுவனின் நினைவு புகைமூட்டமாய் வந்து போகிறதே, அவன்தான் ஜிம்மி. படம் பார்த்தவர்களில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

நான்கு ஆண்டுகள் அங்கே கழிந்தன. ஒரு பாதிரியார் இரக்கப்பட்டு, லோவல் நகரில் கன்னியர் நடத்திய மருத்துவமனைக்கு அவளை அழைத்துச் சென்று கண்ணில் அறுவை செய்வித்தார். பயனில்லை. மீண்டும் டியூக்ஸ்பரிக்கே வந்தாள். பார்வையற்றவர்களுக்கென்று பள்ளிகள் உண்டு என்ற செய்தி அங்கிருந்த யார் வாயிலாகவோ அவள் காதில் விழுந்தது. 1880இல் மாநில அறநிலையக் குழுவின் தலைவர் ஃபிராங்க் சான்பார்ன் விடுதியைப் பார்வையிட வந்தார். கூட்டத்தில் அவர் எவர் என்று ஆனிக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பகுதியாக அவர்களைப் பின்தொடர்ந்தே சென்றாள். வாயிலைத் தாண்டப் போகும் தறுவாயில், இருந்த எல்லா வெட்கத்தையும் விட்டு அந்தக் கூட்டத்தின் நடுவே பாய்ந்து, தான் பள்ளிக்குப் போக வேண்டும் என்று கதறினாள். யாரும் அவளுக்காகப் பரிந்துரை செய்யவில்லை. தன் படிப்பைத் தானே கேட்டு வாங்கினாள். 

1880 அக்டோபர் 7ஆம் நாள் பாஸ்டன் நகரின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தாள். வயது பதினான்கு. எழுதவோ படிக்கவோ தெரியாது. சொந்தமாக ஒரு சீப்புகூடக் கிடையாது. வசதியான வீட்டுப் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் விட்டுக்கொடுக்காமல் சண்டையிட்டாள். முன்கோபமும் நாக்கின் கூர்மையும் அவளுக்குக் கடைசிவரை இருந்தன. பள்ளியை விட்டு அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு சமயம் பேச்சு வந்தது. ஆயினும் பொறுமையுள்ள சில ஆசிரியைகள் அவளைக் கைவிடவில்லை. மேலும் இரண்டு அறுவைகளுக்குப் பின் ஓரளவு அச்செழுத்தைப் படிக்கும் பார்வையும் கிடைத்தது. ஆறு ஆண்டுகளில், 1886இல், வகுப்பின் முதல் மாணவியாகத் தேறிப் பிரியாவிடை உரையும் நிகழ்த்தினாள்.

அந்தப் பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்ற ஐம்பது வயது கடந்த அம்மையார் தங்கியிருந்தார். கண்ணும் காதும் இல்லாத அவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் டாக்டர் ஹோ என்பவர் கல்வி புகட்டியிருந்தார். அமெரிக்காவில் அத்தகையவர் படிக்க முடியும் என்பதற்கு முதற் சான்று அவரே. 26 ஆங்கில எழுத்துக்கும் 26 விரல் வடிவம். அவற்றை ஒருவர் உள்ளங்கையில் அழுத்திக் காட்டினால் அதுவே பேச்சு. லாராவோடு பேசுவதற்காக ஆனி அந்த விரல் எழுத்தைக் கற்றுக்கொண்டாள். தனித்திருக்கும் ஒரு மூதாட்டிக்குப் பேச்சுத்துணை என்பதற்கு மேல் அதற்கு ஒரு பயன் வரும் என்று அப்போது அவள் நினைத்திருக்க முடியாது.

தென் மாநிலமான அலபாமாவில், டஸ்கம்பியா என்ற ஊரில், கேப்டன் கெல்லர் என்பவரின் மகள் ஹெலன் 19 மாதக் குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சலில் பார்வையையும் கேட்கும் சக்தியையும் இழந்தாள். தாயார் கேட், எழுத்தாளர் டிக்கன்ஸின் பயண நூலில் லாராவைப் பற்றிப் படித்து நம்பிக்கை கொண்டார். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லிடம் பெற்றோர் யோசனை கேட்க, அவர் பெர்க்கின்ஸ் பள்ளிக்கு எழுதச் சொன்னார். பள்ளித் தலைவர் அனாக்னோஸ், வேலை தேடிக்கொண்டிருந்த ஆனியைத் தேர்ந்தெடுத்தார். மாதச் சம்பளம் 25 டாலர். குழந்தையின் மேல் பொங்கிய அன்பினால் அவர் புறப்பட்டதாகச் சிலர் எழுதுவார்கள். வேறு போக்கிடம் இல்லாததால் புறப்பட்டார் என்பதே உண்மை. அன்பு பிறகு வந்தது. (இனி அவள், இவள் என்று எழுதக் கை வரவில்லை, ஆசிரியை ஆகிவிட்டார் அல்லவா?)

1887 மார்ச் 3ஆம் நாள் ஆனி டஸ்கம்பியா வந்து இறங்கினார். ஹெலனுக்கு ஏழு வயது நிறையவில்லை. பெர்க்கின்ஸ் மாணவிகள் கொடுத்தனுப்பிய பொம்மையைக் குழந்தையின் கையில் கொடுத்து, மற்றக் கையில் பொம்மை என்ற ஆங்கிலச் சொல்லை விரலால் எழுதினார். குழந்தை அதை விளையாட்டு என்று எண்ணித் திருப்பி எழுதியது. அதோடு சரி. அடுத்த நாட்களில் ஆசிரியையை அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை ஒளித்தது. முகத்தில் குத்தி ஒரு பல்லையும் உடைத்தது. சாப்பாட்டு மேசையில் சுற்றிச் சுற்றி வந்து எல்லார் தட்டிலும் கைவிட்டு அள்ளித் தின்னும். இரக்கத்தினால் வீட்டில் யாரும் தடுப்பதில்லை. ஆனி தம் தட்டில் கை வைக்க விடவில்லை. வீட்டாரை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டார். உதையும் கிள்ளலும் தொடர்ந்தன. குழந்தை ஒரு கரண்டியால் உண்ணவும் கைத்துண்டை மடித்து வைக்கவும் பகல் நெடுநேரம் ஆயிற்று. படத்தில் இந்தப் போராட்டம் பல நிமிடம் வசனமே இல்லாமல் ஓடுகிறது. பிறகு தம் அறைக்குப் போய் ஆனி படுக்கையில் விழுந்து அழுதார்.

கொஞ்சுகிறவர்கள் பக்கத்தில் இருக்கும்வரை ஒன்றும் நடவாது என்று கண்டு, வீட்டுக்குச் சற்றுத் தொலைவிலிருந்த தோட்ட வீட்டில் குழந்தையோடு தனியே தங்க அனுமதி கேட்டார். இடம் தெரியாதிருக்க ஹெலனை வண்டியில் சுற்றி அழைத்து வந்தார்கள். பெற்றோர் ஜன்னல் வழியே பார்த்துப் போவார்கள், ஹெலனுக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் முரட்டுத்தனம் அடங்கியது. ஒருநாள் பெல் என்ற நாயின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஹெலன் ஏதோ செய்துகொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தால், நாய்க்குப் பொம்மை என்ற சொல்லை விரலால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்! சொல்லின் பொருள் அவளுக்கே இன்னும் தெரியாது. ஆனாலும் கற்றதைக் கற்பிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஏப்ரல் 5ஆம் நாள் நடந்தது நாம் அறிந்ததே. கோப்பைக்கும் அதிலுள்ள தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டை ஹெலனால் பிரித்தறிய முடியவில்லை. ஆனி அவளை அடிகுழாய்க்கு அழைத்துச் சென்றார். நம் தெருக்களில் குடத்தோடு வரிசையில் நின்று அடித்தோமே, அப்படிக் கையால் இயக்கும் குழாய்தான். ஒரு கையில் குளிர்ந்த நீர் பாய, மறு கையில் ஆசிரியையின் விரல் தண்ணீர் என்ற சொல்லை முதலில் மெதுவாகவும் பின் வேகமாகவும் எழுதியது. ஹெலன் கோப்பையை நழுவவிட்டுச் சிலையாக நின்றாள். நோய் வருமுன் மழலையில் அவள் சொல்லிக்கொண்டிருந்த சில சொற்களுள் தண்ணீரும் ஒன்று. உடனே தரையைத் தட்டி அதன் பெயரைக் கேட்டாள். குழாயின் பெயரைக் கேட்டாள். சட்டென்று திரும்பி ஆனியின் பெயரைக் கேட்டாள். ஆனி தம் பெயரைச் சொல்லவில்லை. டீச்சர் என்று எழுதினார். அன்றுமுதல் இறுதிவரை ஹெலனுக்கு அவர் டீச்சர்தான்.

இது நடந்த அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே நம் பக்கத்திலும் இத்தகைய பணி தொடங்கிவிட்டது என்பதைத் தோழியர் அறிய வேண்டும். 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், 1897இல் அதே ஊரில் ஃபிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கினார்கள். மதுரைக்கு அருகே சுந்தரராசன்பட்டியில் இயங்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை 1985இல் நிறுவிய ஜின்னா அவர்களும் பார்வையற்றவரே.

படம் குழாயடியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு சொல் தெரிந்துவிட்டால் மொழி வந்துவிடுமா? ஆனியின் உண்மையான திறமை அதற்குப் பின்னரே வெளிப்பட்டது. ஹெலனின் உறவில் 15 மாதக் குழந்தை ஒன்று இருந்தது. பேசத் தெரியாவிட்டாலும் பெரியவர்கள் சொல்வதை அது புரிந்துகொள்வதை ஆனி கவனித்தார். சொல் சொல்லாகப் பாடம் நடத்துவதை அன்றே விட்டுவிட்டு, கேட்கும் குழந்தையிடம் பேசுவதுபோல் முழு முழு வாக்கியமாக ஹெலனின் கையில் பேசத் தொடங்கினார். புரிந்ததோ புரியவில்லையோ, நாள் முழுவதும் பேச்சு. கால அட்டவணை இல்லை, வகுப்பறை இல்லை. ஆற்றங்கரையில் ஈரமண்ணால் அணை கட்டி, தீவும் ஏரியும் செய்து பூகோளம் நடந்தது. நம் சிறுவர்கள் வைகை மணலில் ஊற்றுத் தோண்டி விளையாடுவார்களே, ஹெலனும் அப்படி விளையாட்டென்று எண்ணியே படித்தாள். ஜூன் மாதத்தில் அவளுக்கு 400 சொற்கள் தெரிந்திருந்தன.

புகழ் வந்தது, கூடவே சந்தேகமும் வந்தது. பதினொரு வயதில் ஹெலன் எழுதி அனாக்னோஸுக்கு அனுப்பிய கதை, முன்பே அச்சான வேறொருவர் கதையைப் போலிருந்தது. எப்போதோ கையில் படித்துக் காட்டப்பட்டது அவளுக்கே தெரியாமல் நினைவில் தங்கிவிட்டது. 1892இல் பெர்க்கின்ஸ் பள்ளியில் விசாரணை நடந்தது. ஆசிரியையை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அந்தச் சிறுமியைத் தனியே வைத்துக் கேள்வி கேட்டார்கள். குற்றம் தீராவிட்டாலும் அந்தப் பள்ளியோடு இருவருக்கும் இருந்த உறவு கசந்தது. பின்னர் 1897இல், ஹெலன் கல்லூரிக்குத் தயாராகிக்கொண்டிருந்த பள்ளியின் தலைவர், ஆனி மாணவியை அளவுக்கு மீறி வேலை வாங்குகிறார் என்று சொல்லி இருவரையும் பிரிக்கவே முயன்றார். தாயார் கேட் நேரில் வந்து பார்த்து ஆனியின் பக்கம் நின்றார்.

1900இல் ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் பக்கத்து நாற்காலியில் ஆனி. பேராசிரியர் பேசப் பேச, அதை ஹெலனின் கையில் எழுதிக்கொண்டே இருப்பார். பாடநூல்களில் பெரும்பாலானவை பிரெயிலில் கிடையா. மாலையில் அவற்றை ஆனி தம் குறைப்பார்வையால் மணிக்கணக்கில் படித்துக் கையில் சொல்வார். கண்ணுக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் இருப்பதும் போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்தார். ஹெலன் அதை அறிந்து, பாடம் புரிந்துவிட்டது, மறுபடி படிக்க வேண்டாம் என்று பொய் சொல்லிவிடுவதும் உண்டாம். 1904இல் ஹெலன் சிறப்புத் தகுதியோடு பட்டம் பெற்றார். கண்ணும் காதும் இழந்த ஒருவர் பி.ஏ. பட்டம் பெற்றது உலகிலேயே அதுதான் முதல் முறை. நான்காண்டுப் பாடங்களையும் வரிவிடாமல் படித்த ஆனிக்கு யாரும் பட்டம் தரவில்லை. இதை எழுதும்போதுகூட மனம் பொறுக்கவில்லை.

1905இல் ஜான் மேசி என்ற எழுத்தாளரை மணந்தார். சில ஆண்டுகளில் அவர் பிரிந்து சென்றார். பணமுடை வந்தது. 1919இலேயே இவர்கள் கதையைத் தழுவி ஹாலிவுட்டில் 'டெலிவரன்ஸ்' என்ற ஊமைப்படம் எடுத்தார்கள். ஹெலனும் ஆனியும் அதில் தோன்றினார்கள், படம் ஓடவில்லை. பிறகு நாடகக் கொட்டகைகளில், பாட்டுக்கும் வித்தைக்கும் நடுவே, இருவரும் மேடையேறி இருபது நிமிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். கௌரவக் குறைவு என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனிக்கும் அது பிடிக்கவில்லை. மேடை விளக்கின் ஒளி கண்ணை வாட்டியது. என்ன செய்வது, அரிசி பருப்புக்கு வழி வேண்டுமே! 1924முதல் பார்வையற்றோருக்கான அமெரிக்க நிறுவனத்துக்காக ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார்கள்.

டியூக்ஸ்பரியைப் பற்றி ஆனி ஹெலனிடம்கூடப் பல்லாண்டுகள் வாய் திறக்கவில்லை. முதுமையில்தான் சொன்னார். தம் குழந்தைப் பருவத்தை எவ்வளவு வெட்கமாகச் சுமந்தார் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 1932இல் டெம்பிள் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் அளித்தது. அப்போது ஒரு கண் எடுக்கப்பட்டிருந்தது, மற்றதும் அணைந்துகொண்டிருந்தது. கடைசி ஆண்டுகளில் முற்றிலும் பார்வை போனபின், ஹெலன் ஆசிரியையின் விரலைப் பிடித்துப் பிரெயில் கற்றுக் கொடுத்தார். 'பிளாக்' படத்தின் முடிவில் மாணவி தன் ஆசிரியருக்குக் கற்பிப்பது வெறும் கற்பனை என்று எண்ணியிருந்தவர்கள் இதை அறிய வேண்டும்.

1936 அக்டோபர் 20ஆம் நாள், நியூயார்க்கில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் வீட்டில், ஹெலன் கையைப் பிடித்திருக்க ஆனி காலமானார். அவருடைய அஸ்தி வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் வைக்கப்பட்டது.

ஆசிரியையின் வரலாற்றைத் தாமே எழுத வேண்டும் என்று ஹெலன் பல ஆண்டுகள் உழைத்தார். 1946இல் அவர் வெளிநாடு சென்றிருந்தபோது வீடு தீப்பற்றி, முடியும் நிலையிலிருந்த கையெழுத்துப் பிரதி சாம்பலாயிற்று. மறுபடி முதலிலிருந்து எழுதினார். 1955இல், தமது 74ஆம் வயதில் இந்தியாவுக்கும் வந்து சென்ற அதே ஆண்டில், 'டீச்சர்' என்ற பெயரில் அந்த நூல் வெளிவந்தது. படத்தில் ஹெலனாக நடித்த பாட்டி டியூக், 1979இல் அதே கதை தொலைக்காட்சிக்காக மீண்டும் எடுக்கப்பட்டபோது ஆனியாக நடித்தார். 1968இல் ஹெலன் மறைந்ததும், அவருடைய அஸ்தியையும் அதே பேராலயத்தில் ஆனியின் பக்கத்திலேயே வைத்தார்கள். இருவர் பெயரும் அங்கே ஒரே தகட்டில் உள்ளன. சாதாரண எழுத்திலும் பொறித்திருக்கிறார்கள். கீழே விரலால் தடவிப் படிப்பவர்களுக்காகப் பிரெயிலிலும் பொறித்திருக்கிறார்கள்.